படத்தைச் சுருக்கிய கதை

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டுப் பெங்களூருக்கும் பம்பாய்க்கும் தில்லிக்கும் வந்து குடியேறிய நம்மவர்க்கு, ஊர்ச்செய்தி என்பது ஒரு காலத்தில் அஞ்சல் அட்டையாக வந்தது. இன்று அஃது அசையும் படமாக வருகிறது. அலசூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ ஒரு வீட்டில் விளக்கு வைக்கும் வேளையில் கைப்பேசி ஒலிக்கிறது. திறந்து பார்த்தால், ஊரில் தேர் நிலையை விட்டு நகரும் காட்சி! வடம் பிடிப்போரின் நடுவே சிற்றப்பாவின் முகம் தெரிகிறது. மேளச் சத்தம் கேட்கிறது. நானூறு கல்லுக்கு அப்பால் நிகழ்ந்தது நம் உள்ளங்கையில் நிகழ்கிறது. இதனை வியந்து முடித்தவர் பலர். இது எப்படி இயலுகிறது, இதற்கு யார் யாருக்கு விலை கொடுக்கிறார்கள் என்று கேட்டவர் சிலரே. அக்கேள்வியின் வரலாற்றை நாம் இன்று எடுத்துக்கொள்கிறோம். அந்த வரலாற்றின் தொடக்கத்திலும் அதன் நடுவிலும் இந்தப் பெங்களூர் நகரமே வந்து நிற்கிறது என்பது, இங்கு வாழும் நமக்கு ஒரு தனிச் சுவை.

முதலில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல தொலைக்காட்சிப் படம் ஒன்றில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உள்ளன. ஆக, ஒரு படத்தில் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் வேண்டும். விநாடிக்கு 25 படங்கள் ஓடுகின்றன என்று கொள்வோம். எனவே ஒரு விநாடிக்கு 15 கோடியே 55 லட்சம் எண்கள்! இரண்டரை மணி நேரம் ஓடும் தமிழ்த் திரைப்படம் ஒன்றை உள்ளது உள்ளபடியே எழுதி வைப்பதென்றால், சாதாரண டி.வி.டி. தட்டுகள் ஏறத்தாழ 300 தேவைப்படும். அந்தப் படத்தை ஒரே தட்டில் அடக்குகிறார்கள். வானத்துக் கோளிலிருந்து வீட்டுக் கூரைக்கு அனுப்புகிறார்கள். கம்பியில்லாமல் கைப்பேசிக்கும் அனுப்புகிறார்கள். நெல்லை அவலாக்கி மூட்டை கட்டுவது போலப் படத்தைச் சுருக்கிக் கட்டும் கலை ஒன்று இருப்பதனால்தான் இஃது இயலுகிறது.

சுருக்குவது ஒரு பக்கம். சுருக்கியதை விரிப்பது மறு பக்கம். ஒருவர் ஒரு முறையில் கட்டிய மூட்டையை மற்றவர் அதே முறையில் அவிழ்க்க வேண்டும். ஆகவே இருவருக்கும் பொதுவான தரமுறை ஒன்று தேவையாகிறது. தரமுறை வேறுபட்டால் என்ன தொல்லை நேரும் என்பது புலம்பெயர்ந்தோர்க்குச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. சென்னையில் படிக்கணக்கில் அரிசி வாங்கிப் பழகியவர் மைசூர்ச் சீமைக்கு வந்து சேர்க்கணக்கில் வாங்கித் திகைத்த காலம் ஒன்று உண்டு. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிலோவும் லிட்டரும் வந்த பிறகே அந்தத் திகைப்பு ஒழிந்தது. ரயில் விஷயமும் அப்படியே. சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டுக்கு 1864-இல் வந்த பாதை அகலப் பாதை. பெங்களூரிலிருந்து மைசூருக்குப் போட்டதோ மீட்டர்ப் பாதை. அக்காலத்தில் சென்னையிலிருந்து மைசூருக்குப் போனவர் மூட்டை முடிச்சுடன் பெங்களூரில் இறங்கி வண்டி மாறியே தீரவேண்டியிருந்தது. தண்டவாளத்தின் இடைவெளியை நிர்ணயித்தவர் யாரோ. சுமை தூக்கியவர்கள் நாம்.

இனிக் கதைக்கு வருவோம். 1940-ஆம் ஆண்டில் இந்நகரில் பிறந்தவர் நசீர் அகமது. விசுவேசுவரய்யா பொறியியற் கல்லூரியில் மின்பொறியியல் பயின்று 1961-இல் பட்டம் பெற்றார். பின் அமெரிக்கா சென்று, நியூ மெக்சிகோப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டமும், 1966-இல் டாக்டர் பட்டமும் பெற்று, சில ஆண்டுகளில் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். ஒரு படத்தில் உள்ள எண்களை வேறொரு வடிவத்துக்கு மாற்றினால், அவற்றுள் முக்கியமானவை ஒரு பக்கமும் அற்பமானவை ஒரு பக்கமும் ஒதுங்கி நிற்குமா என்பது அக்காலக் கணித அறிஞர்களை வாட்டிய கேள்வி. ஒதுக்கும் வழி ஒன்று ஏட்டளவில் இருந்தது. ஆனால் அஃது ஒவ்வொரு படத்துக்கும் புதிதாகப் பெருங்கணக்குப் போடச் சொல்லும் வழி, நடைமுறைக்கு உதவாது. கோசைன் என்னும் அலைகளைக் கொண்டு இதனை எளிதாகச் செய்யலாம் என்று அகமதுவுக்குத் தோன்றியது.

1972-இல் அவர் அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிறுவனத்துக்கு விண்ணப்பித்துப் பொருளுதவி கேட்டார். கிடைக்கவில்லை. விண்ணப்பத்தை மதிப்பிட்டவருள் ஒருவர், இந்தக் கருத்து மிகவும் எளிமையாக இருக்கிறதே என்ற பொருள்படக் குறை கூறியதாக, அகமதுவே பிற்காலத்தில், 1991-இல் எழுதிய கட்டுரையொன்றில் நினைவுகூர்ந்திருக்கிறார். எளிமை குற்றமாகக் கருதப்பட்ட விந்தை இது! உதவி மறுக்கப்பட்ட போதிலும் அவர் விடவில்லை. தம் மாணவர் டி. நடராசனையும், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் கிளையில் பேராசிரியராயிருந்த கே. ஆர். ராவையும் துணைக்கொண்டு வேலையை முடித்தார். இந்த ராவ் நம் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்றவர். மூவர் பெயரும் தாங்கிய சிறு கட்டுரை 1974 ஜனவரியில் வெளிவந்தது. ஆய்விதழ் ஒன்றில், படிக்க விரும்பும் எவரும் படித்துக்கொள்ளும்படி வெளிவந்தது என்பதை நேயர்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம். இக்கதையின் பிற்பகுதிக்கு அஃது அவசியம்.

அந்தக் கணக்கின் உட்பொருளை நாம் இவ்வாறு விளங்கிக்கொள்ளலாம். காஞ்சிப் பட்டுப்புடவை ஒன்றை விரித்து வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். உடல் முழுதும் ஒரே அரக்கு நிறம்; கரையிலும் முந்தானையிலும் மட்டும் நுணுக்கமான சரிகை வேலை. இப்புடவையை ஒருவர்க்கு வாயால் விவரிக்க வேண்டுமானால், உடலின் ஒவ்வோர் இழையாகச் சொல்லிக்கொண்டிருப்போமா? 'உடல் அரக்கு' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுக் கரைக்கு வருவோம். கோசைன் மாற்றம் செய்வதும் அதுவே. படத்தை எட்டுக்கு எட்டு என்ற புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. கோலத்துக்குப் புள்ளி வைத்தாற்போல ஒவ்வொரு கட்டத்திலும் 64 புள்ளிகள். அந்த 64 எண்களும் வேறு 64 எண்களாக மாறுகின்றன. முதல் எண் கட்டத்தின் சராசரி நிறத்தைச் சொல்லும். அதனை அடுத்து வருபவை மெல்லிய ஏற்றத் தாழ்வுகளைச் சொல்லும். கடைக்கோடியில் இருப்பவை மிக நுண்ணிய நெளிவுகளைச் சொல்லும். பெரும்பாலான கட்டங்களில் கடைசி எண்கள் பூச்சியத்தை ஒட்டியே இருக்கும். மனிதக் கண்ணோ அந்த நுண்ணிய நெளிவுகளைச் சரியாகக் காண்பதில்லை. ஆகையால் அவற்றைத் தோராயமாக்கலாம், வீசியும் எறியலாம், கண் கண்டுபிடிக்காது. 64-இல் ஐந்தாறு எண்களே மிஞ்சும் கட்டங்கள் எத்தனையோ.

அசையும் படத்துக்கு இன்னோர் உபாயமும் சேர்கிறது. செய்தி வாசிப்பவரின் பின்னுள்ள சுவர் அசைவதில்லை. உதடும் கண்ணும்தான் அசைகின்றன. ஆகவே சுவரை ஒருமுறை அனுப்பிவிட்டு, பின்னர் மாறியதை மட்டும் அனுப்பினால் போதும். இதனைக் கண்டவர்கள் வேறு பலர். ஒருவர் உழைப்பால் விளைந்த கலை அன்று இது என்பதனை மறக்கலாகாது. ஆயினும், 1988-இல் தொலைபேசிக் கம்பி வழியே படம் அனுப்ப வகுத்த எச்.261 என்ற தரமுறையும், 1992-இல் நிழற்படங்களுக்கு வந்த ஜேபெக்கும், அதன்பின் வந்த எம்பெக் வரிசையும், பெங்களூர்க்காரரின் அந்தக் கணக்கையே அடித்தளமாகக் கொண்டு எழுந்தன. அவர் பெயரைப் பொதுமக்கள் அறிய வெகுகாலம் ஆயிற்று. 2021-இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் அவர் கதையை ஒரு பாத்திரமாக்கிக் காட்டினார்கள்.

தரமுறை வகுக்கும் மன்றங்கள் இரண்டு. ஒன்று ஜெனீவாவில் உள்ள சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். மற்றொன்று சர்வதேசத் தர நிறுவனம். அதன் கீழ் 1988-இல் இத்தாலியரான லியோனார்டோ கியாரிலியோனே, சப்பானியரான இரோசி யசுதா ஆகியோர் முயற்சியால் எம்பெக் குழு தோன்றியது. உலகெங்கிலுமுள்ள கம்பெனிகளின் பொறியாளர்கள் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை ஒரு நகரத்தில் கூடுவார்கள். ஒவ்வொருவரும் தத்தம் யுக்தியை முன்வைப்பர். சோதனையில் வென்ற யுக்தி தரமுறையில் ஏறும். ஏறிய யுக்தி உலகில் விற்கும் ஒவ்வொரு பெட்டியிலும் அமையும். அந்த யுக்திக்குக் காப்புரிமை பெற்ற கம்பெனிக்கு ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் காசு வரும். இப்போது, பொறியாளரை விமானத்தில் ஏற்றி அனுப்பக் கம்பெனிகள் ஏன் தயங்கவில்லை என்பது விளங்கும். அகமதுவின் அடித்தளம் எல்லார்க்கும் பொது. ஆனால் அதன்மேல் எழுந்த மாடியின் ஒவ்வொரு செங்கல்லுக்கும் ஓர் உரிமையாளர்.

இதனால் வந்த சிக்கலைத் தீர்க்க ஒரு வழி கண்டார்கள். எம்பெக்-2 என்ற தரமுறைக்குக் காப்புரிமை வைத்திருந்த சோனி, பிலிப்ஸ், மிட்சுபிசி, கொலம்பியாப் பல்கலைக்கழகம் முதலியோர் தங்கள் உரிமைகளையெல்லாம் ஒரே தொகுப்பாக்கினர். அதனை ஒரே கடையில் வைத்து விற்க எம்பெக் எல்.ஏ. என்னும் கம்பெனி 1996-இல் ஏற்பட்டது. பெயரில் எம்பெக் இருந்தாலும் இதற்கும் தரமுறைக் குழுவுக்கும் சம்பந்தம் இல்லை. பலர் மயங்குவதனால் இதனைச் சொல்லி வைக்கிறோம். 1997-இல் அமெரிக்க நீதித்துறை இத்தகைய கூட்டுக்கு இசைவு தெரிவித்தது. ஒரு பெட்டிக்கு 4 டாலர் ராயல்டி. 2002-இல் அஃது இரண்டரை டாலராகவும், 2010-இல் 2 டாலராகவும் குறைந்தது. அமெரிக்காவில் அத்தொகுப்பின் கடைசிக் காப்புரிமை 2018 பிப்ரவரியில் காலாவதியாயிற்று. இந்தக் கூட்டை முழுத் தீமை என்று நாம் சொல்லமாட்டோம். இருபது வீட்டுக் கதவைத் தட்டி அனுமதி கேட்பதிலும் ஒரே கதவைத் தட்டுவது பெட்டி செய்பவர்க்கு எளிது. விலையும் முன்கூட்டியே தெரிந்தது. அந்தத் தெளிவினாலேயே டி.வி.டி.யும் கோள்வழித் தொலைக்காட்சியும் உலகெங்கும் பரவின என்று சொல்லலாம்.

கோள்வழித் தொலைக்காட்சி என்றதும் நம் வீட்டுக்கூரை நினைவுக்கு வருகிறது. பிற மாநிலத்தில் வாழும் தமிழர்க்கு அந்தச் சிறிய தட்டு வெறும் உலோகமன்று. பிள்ளைகள் காதில் தமிழ் விழச் செய்யும் கருவி. 2004 டிசம்பரில் தூர்தர்சன் தொடங்கிய இலவசக் கோள்வழிச் சேவை எம்பெக்-2 முறையில் வந்தது. 2006-இல் வந்த டாடா ஸ்கையும் அம்முறையையே கைக்கொண்டது. சென்னையைச் சேர்ந்த சன் டைரக்ட் 2007 டிசம்பரில் தொடங்கியபோது, இந்தியாவில் முதன்முதலாக எம்பெக்-4 முறையை ஏற்றது. கோளில் இடம் அருமை, வாடகையும் அதிகம். புதிய முறையில் அதே இடத்தில் கூடுதலான அலைவரிசைகளை அடைக்கலாம். கம்பெனியின் கணக்கில் அது நியாயமே. ஆனால் பழைய பெட்டிக்குப் புதிய மூட்டையை அவிழ்க்கத் தெரியாது.

நம் சர்க்கார் இதனை எண்ணாமல் இல்லை. கோள்வழிச் சேவைக்கு உரிமம் வழங்குகையிலேயே, பெட்டி எவர்க்கும் தனியுடைமையல்லாத திறந்த அமைப்பில் இருக்க வேண்டும், ஒரு கம்பெனியின் பெட்டி மற்றொன்றுக்கும் பொருந்த வேண்டும் என்று விதி எழுதினார்கள். 2003-இல் இந்தியத் தர அமைவனம் பெட்டிக்கு வகுத்த தரமுறை எம்பெக்-2 அடிப்படையிலானது. சந்தையோ சில ஆண்டுகளில் எம்பெக்-4-க்குத் தாவிற்று. மேலும் ஒவ்வொரு கம்பெனியும் தன் பெட்டிக்குத் தனிப் பூட்டுப் போட்டது. விதி ஏட்டில் நின்றது. பெட்டி பரணில் ஏறியது. சந்தா மாற்றிய வீடுகளிலெல்லாம் பரணைப் பாருங்கள், ஒன்றேனும் இருக்கும். 2020 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பெட்டிகள் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு செய்யவேண்டும் என்று மீண்டும் பரிந்துரை செய்தது. பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகும் பரிந்துரையாகவே எழுத வேண்டியிருந்தது என்பதிலிருந்து நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இதற்கிடையே 2003-இல் எச்.264 என்ற முறை வந்தது. எம்பெக்-2-இல் பாதி இடத்தில் அதே தரமான படம். கைப்பேசி, இணையம், தொலைக்காட்சி யாவும் அதனைத் தழுவின. இதற்கும் எம்பெக் எல்.ஏ.யின் கூட்டு இருந்தது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பிரதிகள் வரை ராயல்டி இல்லை, அதற்குமேல் ஒன்றுக்கு 20 சென்ட் என்று தொடங்கிற்று விகிதம். பெரிய கம்பெனிக்கு இஃது ஒரு பொருட்டன்று. ஆனால் இலவசமாக மென்பொருள் எழுதி இலவசமாகவே கொடுப்பவர் என்ன செய்வார்? விலையே இல்லாத பொருளுக்கு ராயல்டியை எங்கிருந்து எடுப்பது?

இக்கேள்வி இணையப் பக்கங்களின் மொழியான எச்.டி.எம்.எல்.-லின் ஐந்தாம் பதிப்பை எழுதியபோது வெடித்தது. ஒரு பக்கத்தில் படம் போடுவதற்கு எல்லா உலாவிகளும் அறிந்த ஒரே முறையை விதிக்கலாம் என்று எண்ணி, ராயல்டி இல்லாத தியோரா என்ற முறையை வரைவில் குறித்தார்கள். 2007 டிசம்பரில் நோக்கியா எதிர்த்தது. ஆப்பிளும் ஏற்கவில்லை. மறுபுறம் மொசில்லாவும் ஓப்பராவும், ராயல்டி கேட்கும் எச்.264-ஐத் தொடமாட்டோம் என்றன. 2009-இல் வரைவின் ஆசிரியர், எல்லாரும் ஒப்பும் முறை எதுவும் இல்லை என்று கூறி அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிட்டார். உலகம் முழுதும் படிக்கும் ஒரு மொழியின் இலக்கணத்தில், படம் என்ற சொல்லுக்குப் பொருள் எழுதாமல் விட்டது போலாயிற்று!

அந்த வெற்றிடத்தில் கூகிள் நுழைந்தது. 2010 பிப்ரவரியில் ஆன்2 என்ற சிறு கம்பெனியை விலைக்கு வாங்கி, அதன் வி.பி.8 என்னும் முறையை அதே ஆண்டு மே மாதம் இலவசமாக வெளியிட்டது. 2011 ஜனவரியில், தன் குரோம் உலாவியிலிருந்து எச்.264-ஐ நீக்கப்போவதாகவும் பறைசாற்றியது. நீக்கவில்லை. எம்பெக் எல்.ஏ.யோ அடுத்த மாதமே, வி.பி.8-இல் தங்கள் காப்புரிமை ஏதேனும் அடங்கியிருக்கிறது என்று கருதுவோர் முன்வரலாம் என்று அறிவிப்புக் கொடுத்தது. மரத்தில் பழம் இருக்கிறதோ இல்லையோ, கல்லெறியும் சத்தம் கேட்டாலே மரத்தடியில் எவரும் உட்காரமாட்டார்கள் அன்றோ! ஈராண்டு இழுபறிக்குப் பின் 2013 மார்ச்சில் கூகிளும் அந்தக் கூட்டும் உடன்பாடு செய்துகொண்டன. ஆயினும் நோக்கியா, தன் காப்புரிமைகளை வி.பி.8-க்குத் தரமாட்டேன் என்று அதே மாதத்தில் கூறிவிட்டது. மொசில்லா தளர்ந்தது, 2012-லேயே எச்.264-க்கு வழிவிட இசைந்திருந்தது. 2013 அக்டோபரில் சிஸ்கோ கம்பெனி ஒரு விந்தையான தருமத்தை அறிவித்தது. தான் எழுதிய எச்.264 மென்பொருளை எவரும் எடுத்துக்கொள்ளலாம், ராயல்டியைத் தானே கட்டிவிடுவதாகச் சொல்லிற்று. ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் கட்ட வேண்டாம் என்று உச்சவரம்பு இருந்ததனால் சிஸ்கோவுக்கு இது கைகூடிற்று. இலவச மென்பொருளின் கொள்கைப்போர், ஒரு தனவந்தர் கொடுத்த மானியத்தில் முடிந்தது!

அடுத்து 2013-இல் வந்தது எச்.இ.வி.சி. விஞ்ஞானத்தில் அது மிக உயர்ந்த வேலை, எச்.264-இல் பாதி இடமே கேட்டது. வியாபாரத்திலோ அதுபோன்ற குழப்பத்தை நாம் கண்டதில்லை. ஓசூர்ச் சாலையில் ஒரே இடத்தில் மூன்று சுங்கச்சாவடிகளை அடுத்தடுத்து நிறுத்தினால் எப்படியிருக்கும்? எம்பெக் எல்.ஏ.யின் கூட்டு 2014-இல் வந்தது. அதில் சேராத ஜெனரல் எலெக்ட்ரிக், டால்பி, பிலிப்ஸ் முதலியோர் 2015-இல் எச்.இ.வி.சி. அட்வான்ஸ் என்ற வேறு கூட்டைத் தொடங்கினர். 2017-இல் வேலோஸ் என்ற மூன்றாவது வந்தது. எந்தக் கூட்டிலும் சேராமல் தனித்தனியே கை நீட்டியவர்களும் உண்டு. இரண்டாவது கூட்டார் பெட்டிக்கு மட்டுமன்றி, படம் காட்டிச் சம்பாதிக்கும் வருமானத்திலும் நூற்றுக்கு அரை விழுக்காடு கேட்டார்கள். எதிர்ப்பு எழவே, அவ்வாண்டு டிசம்பரிலேயே வரம்பு கட்டிப் பின்வாங்கினார்கள். அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது.

2015 செப்டம்பர் முதல் நாள் கூகிள், மைக்ரோசாப்ட், அமேசான், நெட்பிளிக்ஸ், இண்டெல், சிஸ்கோ, மொசில்லா ஆகிய ஏழும் ஓர் அணியாயின. ராயல்டி கேளாத புதிய முறை ஒன்றைத் தாமே செய்வதாகப் பிரதிக்ஞை செய்து, 2018 மார்ச்சில் ஏ.வி.1 என்ற முறையை வெளியிட்டன. எதிர்முகாமில் நின்ற ஆப்பிளும் அதற்கு இரண்டு மாதம் முன்னதாக அணியில் சேர்ந்துகொண்டது. எம்பெக்கைத் தோற்றுவித்த கியாரிலியோனே அவ்வாண்டுத் தொடக்கத்தில், தாம் முப்பது ஆண்டுகள் வளர்த்த ஏற்பாடு நெருக்கடியில் சிக்கியிருக்கிறது என்று வெளிப்படையாக எழுதினார். 2020-இல் அவர் விலகினார். குழுவும் பல கிளைகளாகப் பிரிந்தது.

இக்கதையில் யார் தேவர், யார் அசுரர் என்று நம்மால் பிரிக்க இயலவில்லை. பாற்கடலைக் கடைந்தபோது இருபுறமும் நின்று இழுத்தவர்கள் அமுதத்துக்காகத்தான் இழுத்தார்கள். ஏழு கம்பெனிகளும் ராயல்டியை ஒழித்தது உலகத்தின்பால் கொண்ட இரக்கத்தால் மட்டுமன்று. படம் காட்டுவதே அவற்றுள் பலவற்றின் தொழில். நெல் வியாபாரிக்குச் சாலைச் சுங்கம் ஒழிவது இலாபம். அவை வகுத்த உரிம நிபந்தனைகள் போட்டியைக் கெடுக்கின்றனவா என்று ஐரோப்பிய ஆணையம் 2022-இல் விசாரிக்கத் தொடங்கி, குற்றம் உண்டு, இல்லை என்று தீர்ப்புச் சொல்லாமலேயே 2023 மே மாதத்தில் கோப்பை மூடியது. இலவசம் என்று வந்த ஏ.வி.1-க்கும் ராயல்டி கேட்க 2019-இலேயே சிஸ்வெல் என்ற கூட்டு முளைத்தது. திரையுள்ள ஒவ்வொரு கருவிக்கும் 32 ஐரோப்பியச் சென்ட் என்று விலையும் குறித்தது.

இனி, நம் நகரத்துக்குத் திரும்புவோம். 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனி பெங்களூரில் தன் வடிவமைப்பு நிலையத்தை நிறுவியது. ஒலியையும் படத்தையும் எண்களாக்கி ஆளும் சில்லுகள் அக்கம்பெனியின் சிறப்பு. அந்தப் பட்டறையில் பயின்றோரிடமிருந்து பல தொழில்கள் கிளைத்தன. அதன் இந்தியத் தலைவராயிருந்த ஸ்ரீனி ராஜமும் உடனுழைத்த சிலரும் 2001-இல் வெளியேறி, இட்டியம் என்ற கம்பெனியைத் தொடங்கினர். நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன் என்னும் பொருளுடைய ஆங்கில வாசகத்தின் முதலெழுத்துகளைக் கோத்த பெயர் அது. கூலிக்கு நிரல் எழுதிக்கொடுக்கும் கம்பெனிகள் மலிந்த காலத்தில், சொந்தமாகப் படச்சுருக்க மென்பொருளை ஆக்கி, அதனைப் பயன்படுத்தும் உரிமையை விற்பதே எங்கள் தொழில் என்று நின்ற துணிவு பாராட்டத்தக்கது.

அவர்கள் எழுதிய எம்பெக்-2, எச்.264, எச்.இ.வி.சி. மென்பொருள்கள் கூகிளின் ஆண்ட்ராய்டு அமைப்பில் சேர்ந்தன. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து எச்.இ.வி.சி. படத்தை ஆண்ட்ராய்டு விரித்துக் காட்டுகிறது. மென்பொருளின் மூலம் திறந்தே கிடக்கிறது. எவரும் படிக்கலாம், எடுத்தும் ஆளலாம். ஆனால் ஒரு நுட்பம் உண்டு. எழுத்து இலவசம், எழுத்தில் அடங்கிய யுக்திகளுக்குக் காப்புரிமை வைத்திருப்போர் வேறு. கைப்பேசி செய்து விற்றவர் அந்த மூன்று சாவடிகளையும் தாண்டித்தான் ஆக வேண்டியிருந்தது. 1974-இல் நிலைமை இப்படியில்லை. அன்று பெங்களூரில் பயின்ற ஒருவர் கண்ட கணக்கை எவரும் எடுத்துக்கொண்டார்கள். அதற்காக எவரையும் கேட்க வேண்டியதில்லை. பின்னாளில் பெங்களூரிலேயே இருந்து எழுதியவர்களுக்கோ, தாம் எழுதியதைத் தாமே விலையின்றிக் கொடுத்தாலும், அதன்மேல் பிறர் வாங்கும் சுங்கத்தைத் தடுக்கும் அதிகாரம் இல்லை. அந்த அதிகாரம் ஜெனீவாவிலும் மற்ற நகரங்களிலும் கூடும் மன்றங்களில் இருக்கிறது. அங்கே ஆண்டுக்கு மூன்று நான்கு முறை ஆளனுப்பவும், யுக்தியைச் சோதித்துக் காட்டவும், காப்புரிமைப் பத்திரங்களைப் பல தேசங்களில் பதியவும் வல்ல கைக்கே அது வாய்க்கிறது.

நம் வீடுகளிலிருந்து காலையில் பேருந்து ஏறி ஒயிட்பீல்டுக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் போகிற பிள்ளைகளுள் இத்தொழில் செய்வோர் உண்டு. என்ன வேலை என்று பாட்டி கேட்டால், கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஊரிலிருந்து வந்த தேர்ப் படத்தை அவிழ்த்துக் காட்டுவது இப்படிப்பட்ட வேலைதான் என்று ஒருநாள் விளக்கிச் சொன்னால் பாட்டிக்கு விளங்காமல் போகாது. இன்றைய கைப்பேசிகளுள் பெரும்பாலானவை அவ்வேலையைத் தனிச் சில்லிடம் விட்டுவிடுகின்றன. அந்தச் சில்லால் இயலாதவிடத்து, பெங்களூரில் எழுதிய அந்த வரிகள் வந்து கைகொடுக்கின்றன. ஆண்ட்ராய்டின் மூல ஏடுகளைத் திறந்தால், எச்.264-க்குரிய தொகுதியில் ஏடுதோறும் தலைப்பில் ஒரே குறிப்பு வருகிறது. இதனை முதலில் ஆக்கி அளித்தது இட்டியம் என்று சொல்லி, ஊரின் பெயரைப் பழைய வழக்கப்படி பெங்களூர் என்றே அதில் பொறித்திருக்கிறார்கள்.